பத்து நாள் அவகாசம்

எங்கள் கம்பெனி சரவணம்பட்டியில்
ஒரு பேக்கரிக்கு மேல்மாடி.
பன் வேகும் வாசனையில் உட்கார்ந்து
மும்மடி என்றொரு தரவுத்தளம் செய்கிறோம்.
கட்டம் போட்ட பேரேடு இல்லை அது;
யாரும் எதையும் எப்படியும் எழுதலாம்.
எழுதியது மூன்று இடத்தில் இருக்கும்,
இங்கே, கரூரில், பெருந்துறையில்.
இரண்டு மெஷின் ஆமென்றால் ஆம்.
மூன்றாவது தூங்கிப்போனாலும்
எழுந்ததும் மற்றதிடம்
என்ன சேதி என்று கேட்டுக்கொள்ளும்.

"எங்கள்ட்ட எதுவும் தொலையாதுங்க"
என்பார் முதலாளி விசாலாட்சி.
வாசல் போர்டிலும் அதுதான்.

தொலையாது, சரி.
அழிப்பது எப்படி என்பதை
வேலைக்குச் சேர்ந்து நாலு மாதம் கழித்துத்தான் கற்றேன்.
இங்கே அழிப்பதும் ஓர் எழுத்து.
பெயரைச் சும்மா எடுத்துவிட்டால்
போய்விட்டாரா, இன்னும் வரவே இல்லையா
என்று மெஷினுக்குத் தெரியாது.
அதனால் பெயரின் மேல் ஒரு கல் வைக்கிறோம்:
இவர் இல்லை; மணி, நிமிடம், விநாடி.
கல் மூன்று ஊருக்கும் போய்ச்சேரப் பத்து நாள்.
பிறகு கல்லையும் கூட்டித் தள்ளிவிடும்.

ஆடிக் காற்றில் பெருந்துறை படுத்தது.
பவர் சப்ளை கருகி, உதிரி பாகம் வரப்
பன்னிரண்டு நாள்.
ஒரு வாடிக்கையாளருக்கும் தெரியவில்லை.
அந்தப் பெருமைக்கு ஜெரால்டு
எல்லோருக்கும் தேங்காய் பன் வாங்கித் தந்தார்.

பன்னிரண்டாம் ராத்திரி அது எழுந்தது,
படுத்த அன்றைக்குத் தெரிந்ததையெல்லாம்
இன்றைக்கும் மெய்யென்று நம்பிக்கொண்டு.
கரூரில் கல் இல்லை. இங்கேயும் இல்லை.
சோமனூர், நாச்சிமுத்து, ஆறு தறி
என்றது பெருந்துறை.
அப்படியா என்று
மற்ற இரண்டும் எழுதிக்கொண்டன.

காலை ஏழேகாலுக்கு
நூல் கம்பெனிக் கணக்கிலிருந்து தானாகப் போனது செய்தி:
நாச்சிமுத்து, உங்கள் பாவு தயார்,
ஊடை நூல் நான்கு பை.

பிழை எங்களுடையது என்று
நூல் கம்பெனி என் நம்பரைக் கொடுத்துவிட்டது.
மன்னிப்பை வரிவரியாய் அடுக்கி வைத்திருந்தேன்.
"ஏனுங்க, நூல் வந்திருக்குதாமா.
டெம்போ அனுப்பட்டுங்களா?"
இல்லீங்க, அது தப்பா வந்த செய்திங்க, அவரு...
"அவரு போனது எனக்குத் தெரியாதுங்களா?
நேத்துத்தான் பதினாறு முடிஞ்சுது.
தறி எங்கீங்க போச்சு? ஆறும் அப்படியே நிக்குது.
அவரு பேரை எடுத்தாங்க, பாவு நின்னு போச்சு.
பதினேழு வருஷமா ராத்திரி ஓட்டுனது நானுங்க.
தேவாத்தாள்னு போட்டுப் பாருங்க."

போட்டுப் பார்த்தேன்.
கரூர் இல்லை என்றது. பெருந்துறை இல்லை என்றது.
நானிருக்கும் ஊரும் இல்லை என்றது.
மூன்றும் இவ்வளவு ஒற்றுமையாய்ப் பதில் சொல்லி
நான் பார்த்ததில்லை.
கல்கூடக் கிடையாது.
எழுதினால்தானே அழிக்க.

நாச்சிமுத்துவின் மேல் மறுபடி கல் வைத்தேன்.
அவகாசத்தைப் பத்திலிருந்து பதினாறாக்கினேன்.
ஏன் பதினாறு என்றார் விசாலாட்சி.
இரண்டை நாலு தடவை பெருக்கினால் வருமே என்றேன்.
கம்ப்யூட்டர்காரருக்கு அந்தக் காரணம் போதும்.

வாடிக்கையாளர் கணக்கில் எழுத
எனக்கு உரிமை இல்லை.
நூல் கம்பெனிக் கணக்குப்பிள்ளையைக் கூப்பிட்டேன்.
"பொம்பளைங்க பேர்ல பாவு குடுத்ததில்லீங்களே.
அதுக்கு உங்களுதுல எடம் இருக்குதுங்களா?"
எங்களுதுல கட்டமே இல்லீங்க,
எந்தப் பேரும் எழுதலாம் என்றேன்.
கொஞ்ச நேரம் தறிச் சத்தம் மட்டும் கேட்டது.
"பாக்கலாமுங்க."

இந்தப் பக்கத்தில் பாக்கலாமுங்க என்றால்
சரி என்றும் உண்டு, இல்லை என்றும் உண்டு.
திரையைப் பார்த்தபடி இருந்தேன்.
கீழே இரண்டாம் ஈடு பன் வெந்துகொண்டிருந்தது.
டெம்போ கிளம்பி அரைமணி ஆயிற்றாம்.